நாய் இருக்கும் மேசை

இளந்தளிர் குழந்தைகள் காப்பகத்தில் யார் எப்போது பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்பதை ஒரு நாய்தான் தீர்மானித்தது. உயிருள்ள நாய் அல்ல. காகிதக் கூழில் செய்து, வெள்ளை பூசி, கழுத்தில் சிவப்புப் பட்டை தீட்டி, ஜப்பானில் கோவில் வாசலில் விற்கிறார்களே, அந்த நாய். நாய் நோகாமல் குட்டி போடும் என்பதால் சுகப்பிரசவம் ஆகட்டும் என்று பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அதை வாங்கிக் கொடுப்பது வழக்கம். இளந்தளிரில் அதற்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு இருந்தது. அது எந்த ஆசிரியையின் மேசையில் உட்கார்ந்திருக்கிறதோ அவர் மட்டும் கர்ப்பமாகலாம். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதினால் சட்ட விரோதமாகிவிடும் என்று உதவித் தலைவர் உட்சுகி சொல்லியிருந்தார். சட்டத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அதனால் விதியை எழுதாமல், நாயை வைத்திருந்தார்கள். உட்சுகி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை அதற்குத் தூசி தட்டுவார்.

காப்பகத் தலைவி கனெஹிரா ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகளை உட்கார வைத்து இதை விளக்குவார். "நம்மகிட்ட இத்தனை குழந்தைங்க இருக்காங்க. ஒரே சமயத்துல ரெண்டு டீச்சருங்க பிரசவத்துக்குப் போயிட்டா இதுங்களை யாரு பாத்துக்கறது? குழந்தைங்கதான் இந்த நாட்டோட செல்வம். அதனால குழந்தைங்களோட நலனுக்காக, தயவுசெஞ்சு யாரும் குழந்தை பெத்துக்காதீங்க." இந்த இடத்தில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, "முறை வர்ற வரைக்கும்" என்று முடிப்பார். புதிய ஆசிரியைகள் தலையாட்டுவார்கள். வேலை வேண்டுமே.

நாய் இப்போது ஷியோமி என்ற மூத்த ஆசிரியையின் மேசையில் இருந்தது. மற்ற மேசைகளில் அது இவ்வளவு காலம் தங்கியதில்லை. ஷியோமியிடம் வந்து இது மூன்றாவது குளிர்காலம். ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் தலைவி கனிவோடு விசாரிப்பார்.

"ஷியோமி டீச்சர், இந்த வாரம் ஏதாவது?"

"மன்னிக்கணும் மேடம். இன்னும் இல்ல."

"பரவால்ல, பரவால்ல. எல்லாரும் காத்துக்கிட்டுதான் இருக்காங்க."

ஷியோமி எழுந்து எல்லோரையும் பார்த்துத் தலை குனிவாள். எல்லோரும் அவளைப் பார்த்துத் தலை குனிவார்கள். பிறகு மதிய உணவில் எந்தக் குழந்தைக்கு முட்டை ஆகாது என்று பேசத் தொடங்குவார்கள்.

அவளுக்கு அடுத்த முறை மடோகாவுக்கு. மடோகா அணில் வகுப்பு ஆசிரியை. வயது முப்பத்தாறு. கல்யாணமானதிலிருந்து கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அட்டை சமையலறை இழுப்பறையில், சாப்பாட்டுக் குச்சிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் மிசோ சூப் குடித்த கையோடு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அவள் கணவன் கென்சாகு அந்த நேரத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்ப்பான். அவனுக்குப் பிள்ளை என்றால் உயிர். ஆனால் ஒரு நாளும் அதை வாய் விட்டுச் சொன்னதில்லை. மீனை அரைத்து அவிக்கிற ஆலையில் வேலை செய்கிறவன். அங்கேயும் முறை, வரிசை எல்லாம் உண்டு, ஆனால் அது மீன்களுக்கு மட்டும்.

அந்தக் குளிர்காலத்தில் காப்பகத்தில் வாந்தி நோய் பரவியது. அது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் மேலே பழைய நாளிதழைப் போட்டு மூடி, ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றி, வெளியிலிருந்து உள்பக்கமாகத் துடைக்க வேண்டும். மடோகா துடைத்துக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அவளுக்கே வந்துவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்த அந்தச் சில நாட்களும் மாத்திரையை விடாமல் போட்டாள். போட்டது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை.

மாத்திரை அட்டையின் கடைசி வரிசையில் இருப்பவை வெறும் மாவு மாத்திரைகள். அவற்றைச் சாப்பிடுகிற வாரத்தில் மாதவிலக்கு வர வேண்டும். வரவில்லை. ஒரு நாள் பார்த்தாள், மறுநாள் பார்த்தாள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில மாதம் வராமலும் போகும் என்று மருத்துவர் என்றோ சொன்னது நினைவிருந்தது. சொன்னபோது என்ன முகத்தோடு சொன்னார் என்றுகூட யோசித்துப் பார்த்தாள். பயத்தில் முதலில் அவள் கண் முன்னால் வந்தது குழந்தை அல்ல, அந்த நாய். ஷியோமியின் மேசையில் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தது.

சாயங்காலம், அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு கென்சாகு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது அவனிடம் சொன்னாள்.

"எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

அவன் கை நின்றது.

"எதுக்குச் சிரிக்கற?" என்றாள் மடோகா.

"நான் எங்க சிரிச்சேன்?"

"மூஞ்சி பூரா சிரிப்பு."

"சரி, துடைச்சுக்கறேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தான். துண்டை எடுத்தபோது சிரிப்பு அங்கேயே இருந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷியோமி அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன், மூன்று வருஷமாக அவர் தலை குனிந்துகொண்டு நிற்கிறார், நான் பின்னாலிருந்து முண்டியடித்துக்கொண்டு போனது போல ஆகாதா என்று கத்தினாள். அவன் ஆரஞ்சுச் சுளைகளில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அவள் பக்கம் அடுக்கி வைத்தான். வழக்கமாக நாரோடு தின்கிற ஆள்.

படுத்த பிறகு அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது. யாரோ பார்த்துவிட்டது போலச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அதுதான் உண்மை. இத்தனை வருஷம் மாத்திரையோடு சேர்த்து அதையும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போய்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கினாள். அந்த ஊர் மருந்துக் கடையில் பெண்கள் சமாச்சாரம் எது வாங்கினாலும் வெளியில் தெரியக் கூடாது என்று தனியாக ஒரு பழுப்புக் காகிதப் பையில் போட்டு மடித்து ஒட்டிக் கொடுப்பார்கள். வேறு எதையும் அந்தப் பையில் போடுவதில்லையாதலால் அதைப் பார்த்தாலே ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். மடோகா பையும் கையுமாக வெளியே வந்தபோது, இருமல் மருந்து வாங்க உட்சுகி உள்ளே வந்துகொண்டிருந்தார். மடோகாவுக்குத் தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். பிறகு பைக்குத் தனியாக ஒன்று வைத்தார்.

பெட்டியின் மேல், நாள் தள்ளி ஒரு வாரம் கழிந்த பிறகே சோதிக்கவும், முன்னதாகச் சோதித்தால் முடிவு சரியாக இராது என்று போட்டிருந்தது. மடோகா சொன்ன சொல் கேட்கிறவள். பெட்டியைப் பிரிக்காமல் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வாரம் காத்திருக்க அவள் தயாராக இருந்தாள். இளந்தளிர் தயாராக இல்லை.

மறுநாள் காலையிலேயே தலைவி கூப்பிட்டனுப்பினார்.

"உட்சுகி சார் உங்களைக் கடையில பாத்தாராம். அவரு வெளிய சொல்ற ஆளு இல்ல. என்கிட்டயும் மத்த டீச்சருங்ககிட்டயும் மட்டும்தான் சொன்னாரு."

"இன்னும் எதுவும் தெரியாது மேடம். நான் மாத்திரையை விடவே இல்ல. இந்த வாந்தி வந்தப்பதான்..."

"வாந்தி வரும், போகும் மடோகா டீச்சர். வரிசை அப்படி இல்ல. இப்ப நாம யோசிக்க வேண்டியது மன்னிப்பு எப்பங்கறதுதான்."

தெரிந்த பிறகு கேட்கலாமே என்று மடோகா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"தெரிஞ்சப்புறம் மன்னிப்பு கேக்கறது எல்லாரும் பண்றது. தெரியறதுக்கு முன்னாடியே கேட்டாத்தான் அதுல மனசு இருக்கு. வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம். அன்னிக்கு நகராட்சியிலேருந்து விருது குடுக்க வர்றாங்க. எப்படியும் கூடத்துல நாற்காலி போட்டிருக்கும். ரெண்டு தரம் போடறது வீண் வேலை. உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க. இது ஒருத்தர் பண்ற தப்பு இல்லையே."

இதற்கு முன்பு ஓர் ஆசிரியை முறை தவறிக் கர்ப்பமாகிவிட்டு, தெரிந்த பிறகு, அதுவும் தூள் உதிர்கிற பிஸ்கட்டைக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டாள். தலைவி தேநீர்க் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. செர்ரி பூப்பதற்கு முன் அந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டாள். அதனால் மடோகா, மன்னிப்போடு என்ன இனிப்பு கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பயற்றம் கட்டி, துண்டு போட்டது, வெட்டக் கத்தி தேட வைக்காதது என்று பதில் வந்தது.

உட்சுகி ஒத்திகை வைத்தார். குழந்தைகள் மதியம் தூங்குகிற கூடத்தின் மூலையில், குழந்தைகளே வெட்டி ஒட்டிய ஓர் அட்டை விசிறியை மடோகாவின் இடுப்புக்குப் பக்கத்தில் கோணமானி போல விரித்துப் பிடித்துக்கொண்டு, தாமதமாக வந்ததற்கு இவ்வளவு குனிய வேண்டும், குழந்தைக்கு அடிபட்டால் இவ்வளவு, கர்ப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் கீழே என்று காட்டினார். மடோகா குனிந்தபடியே ஒரு சந்தேகம் கேட்டாள். கர்ப்பமா இல்லையா என்றே தெரியாததற்கு எவ்வளவு? உட்சுகி திகைத்துப்போனார். விசிறியை மடக்கிக்கொண்டு தலைவி அறைக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

"கர்ப்பத்துக்கு உள்ள அளவேதான். ஆனா கொஞ்சம் சீக்கிரமா நிமிர்ந்துக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் நீல எழுத்தில் பெரிய பதாகை தொங்கியது: குழந்தைகள் சிரிக்கும் ஊர். நகராட்சியின் மக்கள்தொகைப் பெருக்கப் பிரிவிலிருந்து ஓபா என்ற அதிகாரி வந்திருந்தார். ஜப்பான் முழுவதும் பிறப்பு குறைந்துகொண்டே போகிறது, நம் ஊரில் ஆரம்பப் பள்ளி ஒன்றை மூடி அதில் முதியோர்களுக்கு உடற்பயிற்சி நடத்துகிறோம், இந்த நிலையில் இளந்தளிர் போன்ற பணியிடங்கள்தான் விளக்கேற்றி வைக்கின்றன என்று பேசி, கண்ணாடிக் கேடயம் ஒன்றைத் தலைவியிடம் கொடுத்தார். தலைவி கண் கலங்கினார். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுப்பு இல்ல. பிள்ளை பெத்துக்க மாட்டேங்கறாங்க. எனக்கு அது புரியவே இல்ல" என்றார். அதைச் சொன்னபோது உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

கூடத்து ஓரத்தில் ஷியோமியின் மேசையில் இருந்த நாயைப் பார்த்து அதிகாரி ஆசைப்பட்டார். இது எங்களுடைய பிரார்த்தனை என்றார் தலைவி. அப்படியானால் இந்த மேசைக்குச் சொந்தக்காரர்தான் அடுத்த தாயா என்று அவர் ஷியோமியின் பக்கம் திரும்பி, எப்போது நல்ல செய்தி என்று விசாரித்தார். ஷியோமி எழுந்து, மன்னிக்கணும் என்றாள். பழக்கம்.

அதிகாரி புறப்பட எழுந்தபோது தலைவி அவரை உட்கார வைத்தார். இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது, நீங்களும் பார்க்கலாம், எங்கள் ஒழுங்கு உங்களுக்குப் புரியும் என்றார். மடோகாவும் கென்சாகுவும் முன்னால் வந்து நின்றார்கள். கென்சாகுவிடம் இருந்தது ஒரே கறுப்பு கோட்டு. கல்யாணத்துக்கு வெள்ளை டை, சாவுக்குக் கறுப்பு டை. இதற்கு எது என்று காலையெல்லாம் யோசித்து, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது கட்டிய கோடு போட்ட டையைக் கட்டியிருந்தான். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். உட்சுகி எழுதிக் கொடுத்திருந்ததை மனப்பாடமாகச் சொன்னான்: என் மனைவியின் வயிற்றில் முறை தவறி ஏதேனும் உண்டாகியிருக்குமானால், அதற்கு என் கவனக்குறைவும் காரணம். பணியாளர்களுக்கும் குழந்தைகளுக்கும், குறிப்பாக ஷியோமி ஆசிரியைக்கும் நேர்ந்த தொல்லைக்கு வருந்துகிறோம். இருவரும் குனிந்தார்கள். அளவு சரியாக இருந்தது. உட்சுகி பெருமிதத்தோடு தலையாட்டினார்.

நிமிர்ந்ததும் கென்சாகு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஷியோமியைப் பார்த்து, எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னான்.

"அப்படி எதுவும் இருந்துச்சுன்னா, எனக்கு சந்தோஷமா இருக்குங்க. அதுக்கும் சேத்து மன்னிச்சுடுங்க."

கூடம் சங்கடப்பட்டது. இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஷியோமி எழுந்தாள். அவள் சொல்ல வேண்டியது, இனிமேல் கவனமாக இருங்கள் என்பது. உட்சுகி பின்னாலிருந்து முணுமுணுத்து எடுத்துக் கொடுத்தார். அவள் மடோகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சாப்பாடு இறங்குதா?" என்றாள்.

"இறங்குதுக்கா."

"சூடா சாப்பிடு."

உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி மட்டும் கைதட்டினார். இவ்வளவு ஒழுங்கான ஒரு கர்ப்பத்தைத் தாம் எங்குமே பார்த்ததில்லை என்றார். பதிலுக்கு நாமும் ஏதாவது விசாரிப்பதுதான் மரியாதை என்று, கென்சாகு அவரிடம் உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டான். "எனக்கா? எங்க பிரிவுல வேலை விட்டாத்தானே? இன்னும் கல்யாணமே ஆகல" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஒரு பயற்றம் கட்டியை எடுத்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது என்பதாலோ என்னவோ, சனியும் ஞாயிறும் வீட்டில் ஒரு நிம்மதி இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. கென்சாகு வாசல் பனியை இரண்டு வேளையும் தானே தள்ளினான். அவள் எடுத்துவிடக் கூடாதென்று மண்வாரியைக் கொண்டுபோய்க் கொல்லைக் கொட்டகையில் ஒளித்து வைத்தான். சமையலறையில் உட்கார்ந்து, முதல் எழுத்து எளிதாக எழுத வருகிற பெயராக இருக்க வேண்டும் என்று மடோகா நினைத்தாள். அணில் வகுப்புக் குழந்தைகள் தங்கள் பெயரை எழுத முடியாமல் அழுவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பெட்டியை ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். பிரிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை, அதோடு அவளுக்கு அவசரமும் இல்லை. தெரியாமல் இருப்பதே நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை மதியம் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பெரியவர்கள் கழிவறை மாடியில். பக்கத்திலிருந்த குழந்தைகள் கழிவறைக்குள் போனாள். அங்கே கதவுகள் இடுப்பு உயரம்தான், உட்காரும் இடம் முழங்காலுக்குக் கீழே. குந்தியது மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். வர வேண்டியது வந்திருந்தது.

நிம்மதி வரும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. இவ்வளவு நாள் பயந்தது தீர்ந்துவிட்டது, ஷியோமி அக்கா முகத்தில் விழிக்கலாம், வேலை போகாது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். இருந்து போனதா, முதலிலிருந்தே இல்லையா என்று அவளுக்குத் தெரியாது, இனி எந்தப் பெட்டியும் சொல்லாது. இல்லாத ஒன்றுக்காக அழுகிறவளுக்கு விடுப்பு கிடையாது. எதிர்ச் சுவரில் கை கழுவுங்கள் என்று ஒரு தவளை சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் விழித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

மறைத்தால் அது இன்னொரு குற்றம் ஆகும். உட்சுகியிடம் போய்ச் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல வேளை, நல்ல வேளை என்றார். சாயங்காலக் கூட்டத்தில் தலைவி எழுந்து நின்று அறிவித்தார்.

"ஒரு நல்ல சேதி. மடோகா டீச்சர் வயித்துல ஒண்ணும் இல்ல. எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மடோகாவுக்கு அடுத்த முறைக்குக் காத்திருந்த ருரிகா என்ற இளம் ஆசிரியை, ரொம்ப சந்தோஷம் டீச்சர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய்யில்லை, அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். மடோகா எழுந்து நன்றி சொன்னாள். கேட்ட மன்னிப்பை என்ன செய்வது என்று உட்சுகி ஒரு கேள்வி எழுப்பினார். தலைவி அதையும் யோசித்து வைத்திருந்தார். "குடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்க முடியாது. இனிப்பையும் சாப்பிட்டாச்சு. அது இருப்புல இருக்கட்டும். பின்னாடி ஏதாவது தப்பு பண்ணினா அதுல கழிச்சுக்கலாம்" என்றார். பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் கனிவோடு ஷியோமியின் பக்கம் திரும்பினார். ஷியோமி மன்னிக்கணும் என்று சொன்னாள். அன்றைக்கு அவள் மட்டும் கைதட்டவில்லை என்பதை மடோகா பார்த்திருந்தாள்.

கூட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள். மடோகா காலணி நாடாவைக் கட்டிக்கொண்டேயிருந்தாள், முடிச்சு விழவில்லை. ஷியோமி வந்து முன்னால் உட்கார்ந்து, குழந்தைக்குக் கட்டுவது போல அதைக் கட்டிவிட்டாள்.

"வலி இருக்கா?"

"இல்லக்கா."

"பொய். எனக்குத் தெரியும்." முடிச்சை இழுத்துச் சரிபார்த்தாள். "எனக்கும் ஒரு தரம் நாள் தள்ளிப்போச்சு. நான் இங்க சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். மாத்திரைதான் நானும். ஒரு நாள் விட்டுப்போச்சோ என்னவோ. அப்ப நாய் வேற ஒருத்தங்க மேசையில இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் வரிசையைக் குலைக்கல." அன்றைக்கு எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன், திங்கக்கிழமை வேலைக்கு வந்துட்டேன். மேடம் ரொம்பப் பாராட்டினாங்க. உட்சுகி சார் கூட்டத்துல சொன்னாரு, ஷியோமி டீச்சர் மாதிரி இருக்கணும்னு. எல்லாரும் கைதட்டினாங்க. இன்னிக்கு உனக்குத் தட்டினாங்கல்ல, அதே மாதிரி."

மடோகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முறை வந்துச்சு. அது வரல. போன வாரம் டாக்டரு, போதும், உடம்பைப் போட்டுப் படுத்தாதீங்கன்னுட்டாரு. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும் மேடம்கிட்ட. உன் வீட்டுக்காரரு சந்தோஷத்துக்கு மன்னிப்பு கேட்டாரே, அதக் கேட்டப்புறம் சொல்ல முடியல. இது நடந்துட்டா நாயே தேவையில்லைன்னு நெனச்சேன். நிஜமா நெனச்சேன் மடோகா. உனக்கு இருக்கணும்னு."

"தெரியும்க்கா."

"நாளைக்குச் சொல்லிடறேன். நீ அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு."

மறுநாள் காலையிலேயே சடங்கு நடந்தது. ஷியோமி என்ன காரணம் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. காலம் மிச்சம் என்பது போல ஒரு சுறுசுறுப்பு எல்லோரிடமும் இருந்தது. உட்சுகி கையுறை மாட்டிக்கொண்டு, அரக்குத் தட்டில் நாயை ஏந்தி, ஷியோமியின் மேசையிலிருந்து மடோகாவின் மேசைக்கு நடந்தார். நான்கு எட்டுதான், அதை ஊர்வலமாக நடந்தார். மூன்று முறை கைதட்டினார்கள். தலைவி மடோகாவுக்கு வாழ்த்துச் சொல்லி, விளையாட்டு விழாவுக்கும் பட்டமளிப்புக்கும் இடைஞ்சல் இல்லாமல் பிறப்பது போலப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை, ஆனால் உங்களுக்குப் பின்னால் ருரிகா இருக்கிறாள் என்றார். மடோகா, முயற்சி செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னாள்.

அப்போதுதான் உட்சுகி தட்டைத் தூக்கிப் பிடித்து நாயை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அதன் மோவாய்க்குக் கீழே, சிவப்புப் பட்டையில் ஓரிடத்தில் சாயம் முழுவதும் போய், உள்ளே இருந்த பழைய நாளிதழ்க் காகிதம் தெரிந்தது. மேலிருந்து தூசி தட்டுகிறவர் கண்ணில் படாத, ஒரு விரல் போய் நிற்கிற அளவு இடம். மூன்று குளிர்காலமும் யாரும் பார்க்காதபோது ஒரு விரல் அங்கே போய்ப் போய் வந்திருக்கிறது.

"ஷியோமி டீச்சர், பொதுச் சொத்தை இப்படித் தேய்ச்சு வச்சிருக்கீங்களே" என்றார் உட்சுகி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷியோமி எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைகளை முன்னால் சேர்த்துக்கொண்டு குனிந்தாள். அட்டை விசிறி தேவைப்படவில்லை. கர்ப்பத்துக்கு உள்ள அளவுக்கும் கீழே குனிந்தாள்.

"மன்னிச்சுடுங்க" என்றாள்.

தலைவி மன்னித்தார். பரவாயில்லை, சாயம்தானே, உட்சுகி சார் கடையில் கொடுத்துப் பூசி வாங்கிவிடுவார் என்றார். உட்சுகி தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

மடோகா நாயை எடுத்துக்கொண்டாள். கையுறை இல்லாமல்தான் எடுத்தாள். அந்தத் தேய்ந்த இடத்தின் மேல் விரலை வைத்து மூடிக்கொண்டாள்.

"பூச வேணாம் சார்" என்றாள். "எனக்கு இப்படியே இருக்கட்டும்."

ஷியோமி இன்னும் நிமிரவில்லை.